முதலில் திறக்கும் பெட்டி

பையை இரண்டு கைகளாலும் தூக்கிக் காதோரம் கொண்டுபோய்க் குலுக்கிப் பார்த்தாள் பெட்டிக்காரம்மா. சத்தமில்லை. இடது பக்கமாகச் சாய்த்துக் குலுக்கினாள். தலைகீழாகப் பிடித்தும் ஒருமுறை குலுக்கினாள். உள்ளே எதுவும் நகரவில்லை. "முடிஞ்சுது" என்று சொல்லிக் கட்டிலின் மேல் வைத்தபோது கட்டில்தான் சின்னதாக ஒரு முனகல் விட்டது. கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து லாரிச் சாவியால் காது குடைந்துகொண்டிருந்த கணவன் எழுந்து வந்தான். பையின் வாரை ஒற்றைக் கையால் பிடித்துத் தூக்கப் போனவன், பாதியில் இன்னொரு கையையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டான்.

"ஏம்மா, மலைக்குப் போறியா, மலையை எடுத்துட்டுப் போறியா?"

"வாரக்கணக்கா நடக்கணும்ங்க. வழியில கடை கிடையாது."

"அதான் கடையையே உள்ள வச்சிட்டியா?"

கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும். ஊரில் யார் வீடு மாற்றினாலும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். லாரியை ஓட்டுவதும், பெரிய சாமான்களை ஏற்றிக் கயிறு கட்டுவதும் கணவன் வேலை. பெட்டி கட்டுவது அவள் வேலை; கனத்துக்கு ஒரு கை குறைந்தால் அவளும் தோள் கொடுப்பாள். பீங்கான் கோப்பைக்குள் காலுறையைத் திணிப்பாள். இரண்டு கோப்பைகளுக்கு நடுவே கசக்கிய காகிதத்தை வைப்பாள். காகிதத்துக்கும் அட்டைக்கும் இடையே விரல் நுழைகிற சந்து இருந்தால் அதில் கைக்குட்டையைச் சுருட்டி அடைப்பாள். பெட்டிக்குள் காற்று இருந்தால் சாமான் உடையும் என்பது அவள் தொழிலின் ஒரே சட்டம். கட்டிய பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. இத்தனை வருடங்களில் அவள் கட்டிய பெட்டியிலிருந்து ஒரு தட்டு உடைந்து வந்ததாக யாரும் சொன்னதில்லை. ஒரு வீட்டு மீன்தொட்டியைக் கூழாங்கல்லோடு கட்டி அனுப்பியிருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு முதுகுப்பை எம்மாத்திரம்?

மலைக்குப் போகும் பேச்சு கணவனின் தங்கை கொண்டுவந்தது. அவள் நகராட்சி நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். அதனால் அண்ணனுக்கு அவள் தவளை. கூட வருவதாக இருந்த தோழி புது வேலை கிடைத்து விலகிவிட்டதாக ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "இந்த வருஷமும் போச்சு" என்று ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னாள். அடுத்த கணம் பெட்டிக்காரம்மாவின் வாயிலிருந்து "நான் வரேன்" என்று வந்துவிட்டது. கணவன் சிரித்தான். நாத்தனார் சிரிக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்புறம் பாத்திரம் கழுவும்போது யோசித்துப் பார்த்தாள். யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. முன்பு ஒரு வீட்டில் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றினாள். இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு கணவாய். பனியில் ஒற்றையடிப் பாதை. அதில் எறும்பு வரிசைபோலச் சில மனிதர்கள், கணவாயின் விளிம்பைத் தாண்டப் போகிறார்கள். தாண்டினால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது படத்தில் இல்லை. காகிதம் சுற்றிக் கட்டிவிட்டு, மறுபடி பிரித்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டினாள். தொழிலில் அவள் ஒரு சாமானை இரண்டு தடவை கட்டியது அதுதான். ஊரில் பாதிப் பேரை இடம் மாற்றியவள், தான் மட்டும் கல்யாணமாகி வந்த அதே வீட்டில், அதே ஜன்னலுக்கு எதிரே இருக்கும் அதே மோட்டார் பழுதுபார்க்கும் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாத்தனார் போகும் பாதையிலும் ஒரு கணவாய் உண்டு. அதைத் தாண்டவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

நாத்தனாருக்கும் அந்தக் கணவாய் தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. முன்னொருமுறை வேறொரு தோழியோடு போனபோது, கணவாய் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் தோழியின் முழங்கால் மடங்கிவிட்டது. அவள் பையையும் சேர்த்துத் தன் முதுகில் கட்டிக்கொண்டு, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கீழே இருக்கும் கிராமம் வரை நாத்தனார் இறங்கி வந்தாள். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். ஆனால் இம்முறை ஒரு நிபந்தனை போட்டாள். ஊருக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டிக் குன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுப் பையோடு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கவேண்டும்.

"ஏறும்போது நான் உங்களப் பாக்க மாட்டேன் அண்ணி. எறங்கும்போது உங்க காலைத்தான் பாப்பேன்."

"பாரு, நல்லாப் பாரு. பிரிட்ஜ் தூக்கி மாடி ஏறின காலு இது."

ஞாயிறன்று அவள் குன்றில் ஏறியதை ஏறியது என்று சொல்லக்கூடாது. கியர் மாற்றாமல் ஏறும் லாரி மாதிரி போனாள். முதல் திருப்பத்தில் நாத்தனாரைத் தாண்டினாள். மூன்றாவது திருப்பத்தில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னம்மா, குளத்துலயே ஊறிப்போயிட்டியா?" என்று கேட்டாள். உச்சியில் கம்பித் தடுப்புக்குள் வட்டமான தண்ணீர்த்தொட்டியும், அதன் நிழலில் ஒரு சின்ன அறையும் இருந்தன. அறைவாசலில் ஒரு காவல்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பையைப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டார்.

"யாரு வீடும்மா மாறுது?"

"என் வீடுதான்" என்றாள் பெட்டிக்காரம்மா. மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தது என்பதில் அவளுக்கே பெருமையாக இருந்தது.

இறக்கத்தில்தான் விஷயம் வேறுமாதிரி ஆனது. முதலில் தொடைகள் நடுங்கின. பிறகு முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் ஏதோ கேட்டது. அவள் கொடுக்க மறுத்தாள். அது மறுபடி கேட்டது. பையின் கனம் முதுகிலிருந்து நழுவித் தோளுக்கும், தோளிலிருந்து கழுத்துக்கும் வந்தது. அவளுக்குக் கனம் புதிதில்லை. ஆனால் அவள் தூக்கிய எல்லாக் கனத்துக்கும் ஒரு முடிவு தெரிந்திருந்தது: இந்த அலமாரி அந்தக் கதவு வரை, இந்த மெஷின் லாரியின் பலகை வரை. எங்கே இறக்கி வைப்போம் என்று உடம்புக்குத் தெரிந்தால் அது எதையும் தூக்கும். இங்கே இறக்கி வைக்க இடமே இல்லை. நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். அடுத்த திருப்பத்தில் மறுபடி உட்கார்ந்தாள். கடைசிச் சரிவை அவள் பின்புறமாக, ஏணியில் இறங்குவதுபோல, புல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நாத்தனார் சொன்னபடியே அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடிவாரத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. "பையைத் திறங்க அண்ணி" என்றாள்.

திறந்தாள். சமையல் பாத்திரம் வந்தது. பாத்திரத்துக்குள் கோப்பை. கோப்பைக்குள் உப்பு டப்பா. டப்பாவைச் சுற்றி ஊசிநூல். நூலுக்கும் கோப்பைக்கும் நடுவே நான்கு துணிக்கவ்விகள். நாத்தனார் ஒவ்வொன்றாக வாங்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டே வந்தாள்.

"ரெண்டு கத்தரிக்கோல் எதுக்கு?"

"ஓரத்துல எடம் இருந்துச்சு."

"இந்தத் தலையணை உறை?"

"பாத்திரம் ஆடாம இருக்க."

"சரி. கதவுக் கொக்கி எதுக்கு அண்ணி? அங்க நமக்குக் கதவே இருக்காதே."

பெட்டிக்காரம்மா கொக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அதை எப்போது வைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. "மூலையில கொஞ்சம் காத்து இருந்துச்சு" என்றாள்.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவள் முகம் பழையபடி ஆகிவிட்டது. "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பையோட உங்களக் கூட்டிட்டுப் போனா நான் மறுபடியும் பாதியில எறங்கி வரணும். அது இன்னொரு தடவை என்னால முடியாது. அடுத்த ஞாயிறு ஒரு தடவை பாப்போம். சரிப்படலேன்னா நான் தனியாப் போயிடறேன்."

வீட்டுக்கு வந்து பெட்டிக்காரம்மா பையைக் கொட்டினாள். எதை எடுப்பது என்று யோசிக்க அவளுக்குக் கஷ்டமில்லை. கதவுக் கொக்கி போயிற்று, கத்தரிக்கோல் ஒன்று போயிற்று, தலையணை உறை போயிற்று. கஷ்டம் அதற்குப் பிறகு வந்தது. எடுத்த இடம் காலியாக இருந்தது. காலியாக இருக்கும் இடத்தை அவள் கைகளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் நேரத்தில் கை தானாகப் போய்ப் பக்கத்திலிருந்த துண்டைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டது. துண்டை எடுத்தாள், சோப்பு டப்பா போய் உட்கார்ந்தது. போதாக்குறைக்குக் கணவன் வேறு வந்தான், வண்டியில் பஞ்சர் பார்க்கும்போது பிடிக்கும் பெரிய டார்ச்சோடு.

"இதை வச்சுக்க. இருட்டுல என்ன பண்ணுவ?"

"தூங்குவேன்."

"விளையாடாத. திடீர்னு ஏதாவது சத்தம் கேட்டா?"

"உங்க குறட்டைக்கே எழுந்திரிக்காதவ, வேற எந்தச் சத்தத்துக்கு எழுந்திரிக்கப் போறேன்?"

அவன் டார்ச்சைக் கட்டிலில் வைத்துவிட்டு அங்கேயே நின்றான். "நீ பாட்டுக்குக் கிளம்பிடுவ. இங்க பீங்கானையெல்லாம் யாரு சுத்துறது?"

"உங்க கையை என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்க?"

"என் கைக்குக் கயிறுதான் தெரியும்" என்றான். டார்ச்சை அவன் எடுத்துப்போகவில்லை. அவளும் எடுத்து வைக்கவில்லை. ஆனால் காலையில் பார்த்தபோது அது பையின் பக்கவாட்டுப் பையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதை வைத்தது அவனா, தன் கையேதானா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அந்த வாரம் கண்ணாடிக்கடைக்காரர் வீடு மாறினார். கடைக்கு மேலேயே குடியிருந்தவர்கள், ஊரின் மறுகோடியில் ஒரு அடுக்ககத்துக்குப் போகிறார்கள். மாடிப்படி குறுகல். கணவன் கீழே லாரியில் பீரோவைப் பலகைக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். மேலே சாமான்கள் எல்லாம் பெட்டிக்குள் போய், அறைகள் எதிரொலிக்கத் தொடங்கியிருந்தன. கடைசியாக ஒரே ஒரு பெட்டி திறந்து கிடந்தது. அதற்கு இவர்கள் தொழிலில் முதல் பெட்டி என்று பெயர். எல்லாவற்றுக்கும் கடைசியில் கட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏற்றி, போன இடத்தில் முதல் ஆளாக இறக்கி முதலில் திறப்பது. புது வீட்டில் அன்று இரவைக் கழிக்கவும் மறுநாள் காலை எழுந்திருக்கவும் எது வேண்டுமோ அது மட்டும் அதற்குள் இருக்கும்: ஒரு பல்பு, கெட்டில், கோப்பை, சோப்பு, மாத்திரை, போர்வை. இந்தப் பெட்டியை மட்டும் அவள் இறுக்கி அடைப்பதில்லை. அவசரத்தில் கைவிட்டு எடுக்க வேண்டும் என்பதால் மேலே தளர்வாக விட்டுவிடுவாள்.

கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி ஒரு பூச்சாடியோடு வந்தாள். "இதையும் அதுல வச்சிடுங்களேன்."

"இன்னிக்கு ராத்திரி வேணுமாம்மா?"

"இல்ல... ஆனா கண்ணுல படுற மாதிரி இருந்தா நல்லாருக்கும்."

"ஆனாவெல்லாம் ரெண்டாவது பெட்டிம்மா."

அந்த அம்மாள் போய் ஒரு ஆல்பத்தோடு வந்தாள். அதற்கும் அதே கேள்வி, அதே பதில். பிறகு ஒரு இஸ்திரிப்பெட்டி. "நாளைக்கு அவரு கடை திறக்கணுமே, சட்டை கசங்கியிருந்தா?" என்றாள்.

"நாளைக்கு ஒரு நாள் கசங்கின சட்டையோட வந்தா யாரும் கண்ணாடி வாங்காமப் போயிட மாட்டாங்க. வேணும்னா அவங்க போட்டுப் பாக்குற கண்ணாடியைக் கொஞ்சம் மங்கலாக் குடுக்கச் சொல்லுங்க."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இஸ்திரிப்பெட்டியைத் திருப்பி எடுத்துப் போனாள். பெட்டிக்காரம்மா டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கிழித்த டேப் விரலில் ஒட்டிக்கொண்டிருக்க, அப்படியே நின்றாள்.

ஊர்முழுக்க எத்தனை பேரிடம் இதைக் கேட்டிருக்கிறாள். அழுகிறவர்களிடம், கத்துகிறவர்களிடம், ஆல்பத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களிடம்கூடக் கொஞ்சமும் இளகாமல் கேட்டிருக்கிறாள். வீடு மாறி வெகுநாள் கழித்துச் சிலர் தெருவில் பார்த்துச் சொல்வார்கள்: மற்ற பெட்டியெல்லாம் இன்னும் பிரிக்கவேயில்லை, அந்த ஒரு பெட்டியிலேயே காலம் ஓடுகிறது என்று. அவளும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். மலையில் ஒவ்வொரு நாளும் இருட்டும்போது ஒரு புது இடம். ஒவ்வொரு இரவும் புது வீட்டின் முதல் இரவு. மறுநாள் காலை எழுந்து அதையும் காலி செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவள் இவ்வளவு நாளும் முதுகுப்பைக்குள் ஒரு வீட்டையே கட்டப் பார்த்திருக்கிறாள். சமையலறை, படுக்கையறை, கதவுக் கொக்கி உட்பட.

"என்னம்மா, டேப் தீர்ந்துபோச்சா?" என்று கீழிருந்து கணவன் குரல் கொடுத்தான்.

"இல்லீங்க. இப்பத்தான் கிடைச்சுது" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது கீழே பீரோ ஒரு நிமிடம் நகராமல் நின்றதிலிருந்து தெரிந்தது.

அன்று மாலை வீட்டில் முதுகுப்பையை மறுபடி கவிழ்த்தாள். ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, வாடிக்கையாளரிடம் கேட்பதுபோலவே சத்தமாகக் கேட்டாள். இன்னிக்கு ராத்திரி வேணுமா? நாளைக்குக் காலையில வேணுமா? வெளியே மோட்டார் கடையில் யாரோ ஒரு எஞ்சினை முடுக்கி முடுக்கி அணைத்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் வேண்டும் என்றது. கோப்பை வேண்டாம் என்றது, பாத்திரத்திலேயே குடிக்கலாம். இரண்டாவது மாற்றுச் சேலை எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே பதில். மூன்று ஜோடி காலுறையில் ஒன்று வெளியே போயிற்று. பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை வெட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அதெல்லாம் அதிகம் என்று விட்டுவிட்டாள். மழைக்கோட்டு, போர்வைப்பை, மாத்திரை, தீப்பெட்டி. கைப்பிடி அளவு விளக்கு ஒன்று நாத்தனார் கொடுத்திருந்தாள். அது உள்ளே போயிற்று. பெரிய டார்ச்சைக் கையில் எடுத்தபோது கணவன் வந்து நின்றான்.

"அதை ஏன் வெளிய வைக்கற?"

"இன்னிக்கு ராத்திரி வேணுமா இது?"

"என்கிட்டயேவா?" என்றான். தொழிலில் கூடவே இருப்பவனுக்கு அந்தக் கேள்வியின் முடிவு தெரியும். "வேணாம். ஆனா..."

சொல்லிவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். ஆனா என்ற சொல்லுக்கு என்ன விலை என்று அவனுக்குத் தெரியாததா? கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "இங்கன்னா ரெண்டாவது பெட்டி பின்னாலேயே என் வண்டியில வரும். அங்க ரெண்டாவது பெட்டிய யாரும்மா கொண்டு வருவா?"

"யாரும் வர மாட்டாங்க."

"அதான் சொல்றேன்."

"அதான் நானும் சொல்றேன்."

அவன் கொஞ்ச நேரம் டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைத்தான். பிறகு அதைக் கொண்டுபோய் லாரிச் சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தான். "தட்டைப் படுக்க வச்சுக் கட்டணுமா, நிக்க வச்சா?" என்று கேட்டான்.

"நிக்க வச்சு. படுக்க வச்சா அடித்தட்டுதான் முதல்ல போகும். எத்தனை வருஷமாப் பக்கத்துல நின்னு பாத்தீங்க?"

"நான் எங்க தட்டைப் பாத்தேன்" என்றான். அவள் தலையைக் குனிந்து பையின் வாரைச் சரிசெய்தாள்.

பை பாதிதான் நிறைந்திருந்தது. மேல்பகுதி, இளைத்துப்போனவரின் சட்டைபோலத் தொங்கியது. அவள் கை ஒருமுறை துண்டை நோக்கிப் போயிற்று. கையைப் பிடித்து அக்குளில் செருகிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூட்டமாக இருந்தது. நாத்தனார் அடிவாரத்தில் அவள் பையைப் பார்த்தாள். தொட்டுப் பார்க்கவில்லை. "போலாமா அண்ணி?" என்று மட்டும் கேட்டுவிட்டு முன்னால் நடந்தாள். இம்முறை பெட்டிக்காரம்மா அவளைத் தாண்டவில்லை. பைக்குள் தீப்பெட்டியோ எதுவோ பாத்திரத்தில் தட்டிக்கொண்டே வந்தது. முதல் திருப்பம் வரை அது அவளை என்னவோ செய்தது. யாரோ ஒருவர் வீட்டுப் பீங்கான் உடைகிற மாதிரி நெஞ்சு துணுக்குற்றது. இரண்டாவது திருப்பத்துக்குப் பிறகு கேட்காமல் போனது. கால்கள் இதமாக இருந்தன. முதுகில் வியர்வை வழிய இடம் இருந்தது. நிமிர்ந்து பார்க்க முடிந்தது. போன தடவை ஏறியபோது இந்தக் குன்றில் மரங்களே இல்லையென்றுதான் நினைத்திருந்தாள்.

நிமிர்ந்து பார்க்க முடிந்ததால் முன்னால் போகும் நாத்தனாரின் பையும் கண்ணில் பட்டது. தவறாக லோடு கட்டிய லாரியை அவளால் அடுத்த தெருவிலிருந்தே கண்டுபிடித்துவிட முடியும். ஒரு பக்க டயர் சற்று அதிகமாக உட்கார்ந்திருக்கும், வளைவில் உடம்பு தயங்கும். நாத்தனாரின் இடது தோள் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் இடுப்பை வலப்பக்கம் ஒடித்துச் சமன் செய்தாள். நீச்சல்காரி, ஊசிமாதிரி நிமிர்ந்து நடப்பவள், ஏன் இப்படிச் சாய்கிறாள்? போன ஞாயிறு அவளைத் தாண்டிப் போன மிதப்பில் அவள் எப்படி நடந்தாள் என்று பார்க்கவில்லை. மூன்றாவது திருப்பத்தில் அவள் நாத்தனாரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

உச்சியில் காவல்காரர் ஸ்டூலிலிருந்து எழவில்லை. "வீடு மாத்தியாச்சாம்மா?" என்றார்.

"மாத்தியாச்சுங்க. சாமான்தான் வந்து சேரல" என்றாள்.

இருவரும் பைகளை இறக்கிக் கம்பித் தடுப்போரம் வைத்தார்கள். மறுபக்க இறக்கம் அங்கிருந்து தொடங்கியது. போன வாரம் அவள் பின்புறமாக இறங்கிய சரிவு கீழே தெரிந்தது. நாத்தனார் தண்ணீர் குடித்துவிட்டு, அவள் முழங்காலையும் சரிவையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டிக்காரம்மா அதற்குள் குனிந்து நாத்தனாரின் பையைத் தூக்கிவிட்டாள். தரையில் ஒரு சுமை இருந்தால் அதைத் தூக்கிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

"ஏண்டி, இடது பக்கம் அடியில என்ன வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல அண்ணி. வைங்க."

"ஒண்ணுமில்லாததா இவ்வளவு கனம்? என் பையைவிட ஜாஸ்தி இருக்கு. பாதி வழியிலேர்ந்து நீ சாஞ்சு சாஞ்சு நடக்கற. யாருகிட்ட மறைக்கற, பெட்டி கட்டுறவகிட்டயா?"

நாத்தனார் மண்டியிட்டு, மேலே இருந்தவற்றையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்தாள். அவிழ்த்தாள். இரண்டு முழங்கால் பட்டைகள், இரண்டு பக்கமும் இரும்புத் தகடும் மடங்கும் கீலும் வைத்தவை. சுருட்டிய அகலமான நாடா ஒன்று, ஒரு பையை இன்னொரு பையோடு சேர்த்துக் கட்டுவதற்கு. மடக்கி வைக்கிற ஊன்றுகோல் ஒன்று.

"யாருக்கு இதெல்லாம்?"

"உங்களுக்கு."

பெட்டிக்காரம்மா ஒரு பட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து காலில் மாட்டினாள். கச்சிதமாக இருந்தது.

"என் அளவு உனக்கு எப்படித் தெரியும்?"

"போன ஞாயிறு எறங்கும்போது பூரா உங்க முட்டியைத்தானே பாத்துட்டு வந்தேன்." நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "அவளுக்கு முட்டி போனப்ப என்கிட்ட ஒண்ணுமே இல்ல அண்ணி. துணியைக் கிழிச்சுக் கட்டினேன். இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாதுன்னு..."

பெட்டிக்காரம்மாவுக்குத் தன் வழக்கமான கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினாள். கண்ணாடிக்கடைக்காரர் மனைவியிடம் கேட்டதை இவளிடம் கேட்க மனம் வரவில்லை. இது பூச்சாடி இல்லை. இவள் தன் அண்ணனைப் போலத்தான். அவன் டார்ச்சை நீட்டினான், இவள் சொல்லாமல் தானே சுமக்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம். பட்டை மாட்டிய காலோடு எழுந்து தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். கீல் ஒவ்வொரு அடிக்கும் கதவு மாதிரிக் கிரீச்சிட்டது. காவல்காரர் பார்க்காததுபோலப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து கழற்றினாள்.

"நல்ல சாமான்தான். இங்க பாரு, ஒண்ணு சொல்றேன், நடுவுல பேசாத. அங்க எனக்குக் காலு போச்சுன்னா நான் பக்கத்துக் கிராமத்துல உக்காந்துக்கறேன். உக்காந்து டீ குடிச்சுட்டு, போற வரவங்ககிட்ட உன் அண்ணனைப் பத்திப் புலம்பிட்டு இருக்கேன். நீ மேல போ. கணவாயைத் தாண்டு. எறங்கி வரும்போது என்னைக் கூட்டிக்க."

"உங்கள விட்டுட்டுப் போவேனா?"

"போவ. என்னை நீ தூக்கிட்டு வரணும்னா நான் உன்கூட வரல. இப்பவே சொல்லிட்டேன். நான் சாமான் இல்ல."

"அண்ணா என்னைக் கொன்னுடுவான்."

"அவரு தட்டை எப்படிக் கட்டறதுன்னு கத்துட்டு இருக்காரு. அவருக்கு நேரமிருக்காது."

நாத்தனார் சிரித்தாள். பாதியில் சிரிப்பு உதட்டோரம் எங்கேயோ மாட்டிக்கொண்டது. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். ஊன்றுகோலையும் நாடாவையும் துணியில் சுருட்டிக் காவல்காரரின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். முழங்கால் பட்டைகளைக் கையில் எடுத்தவள் மட்டும் சற்று நின்றாள். எடை பார்ப்பதுபோல இரண்டையும் இரண்டு கைகளில் ஏந்தினாள். சரிவைப் பார்த்தாள். பெட்டிக்காரம்மா தன் பையை மாட்டிக்கொண்டு முதல் அடியை வைத்தாள். தடம் பார்த்து, பக்கவாட்டில், மெதுவாக.

பின்னால் கம்பியில் ஏதோ மோதும் சத்தம் கேட்டது. நாத்தனார் பட்டைகளைத் தடுப்புக் கம்பியின் மேல் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அவளுடைய இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"வரும்போது எடுத்துக்கலாம் அண்ணி" என்றாள்.

"சரி" என்றாள் பெட்டிக்காரம்மா. அன்று அந்த வழியாகத் திரும்பி வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"அம்மா, எதையோ விட்டுட்டுப் போறீங்களே!" என்று மேலே காவல்காரர் ஸ்டூலை நகர்த்திவிட்டு எழுந்து கத்தினார். இருவரும் கையை மட்டும் உயர்த்தி ஆட்டினார்கள். அதற்குள் காற்று எழுந்திருந்தது. கம்பியின் மேல் தொங்கிய இரண்டு பட்டைகளும் அதில் கீல்களை மடக்கியும் நீட்டியும், ஒன்றன்பின் ஒன்றாக, ஆள் யாரும் இல்லாமல் மேல்நோக்கி நடந்துகொண்டிருந்தன.